பச்சோந்திக்குக் கட்டிய வெயில் வீடு

தம்பி,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். சுகமில்லாவிட்டாலும் சுகமென்றுதான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும், ஆனபடியால் அந்த வரியைத் தாண்டிப் போ. என் மனிசன், கொப்பர், வேலைக்குப் போய்விட்டார். நான் இரவு வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்காமல், பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். கால் இரண்டும் யாரோ இரவல் தந்த கால் மாதிரிக் கிடக்கின்றன. விடியும்வரைக்கும் பிஸ்கட் பெட்டி அடுக்கினவளுக்கு எழுத்து எங்கே நேராய் வரும்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வேறு. பிழை இருந்தால் சுபாவிடம் காட்டி இரண்டு பேருமாய்ச் சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. உன்னைக் கட்டினவளுக்குச் சிரிக்க வேறு என்ன இருக்கிறது, பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸில் உன் புது வீட்டை எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்து காட்டினாய். மேலே எல்லாம் காட்டி முடித்து, கடைசியாய்க் கையைப் பிடித்து நிலத்துக்குக் கீழே இறக்கினாய். பேஸ்மென்றுக்குப் புதுக் கார்ப்பெற் போட்டு, தனிக் குளியலறை கட்டி, மூலையில் தனி அடுப்பும் வைத்திருந்தாய். "இது உங்கள் ரெண்டு பேருக்கும்தான் அம்மா. எப்ப வாறியள்?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். "அரண்மனை மாதிரிக் கிடக்கடா, ராசாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்று கொப்பரைக் காட்டினேன். நீயும் சிரித்தாய். அவ்வளவோடு எல்லாரும் சாப்பிட வந்துவிட்டோம். நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, தம்பி. அந்தப் பதிலை எழுதத்தான் இருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்றையும் நேரே சொல்ல வராது, சுற்றித்தான் வருவேன். ஆகையால் மாப்பிள்ளையில் இருந்து தொடங்குகிறேன். நீயில்லை. மற்ற மாப்பிள்ளை.

ஸ்காபரோவில் அந்த மேல்வீட்டு அன்ரியின் பேஸ்மென்றில் நாங்கள் இருந்த காலம் அது. நீ பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. ஒரு நாள் பின்னேரம் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாய். உன் சிநேகிதன் வீட்டுக்காரர் வன்கூவருக்குப் போகிறார்களாம், தங்களோடு கொண்டுபோக ஏலாதாம் என்று பச்சோந்தியை உன் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு வேறு ஆட்கள் பழைய சோபாதான் தருவார்கள், உனக்கு இது கிடைத்தது. நீ அதற்கு ஸ்பைக் என்று பேர் வைத்தாய். தடியிலே ஏறவிட்டாய். அது ஒரு காலை முன்னால் வைத்தது, பிறகு யோசித்துப் பின்னால் எடுத்தது, திரும்ப வைத்தது, ஆடி ஆடி நின்றது. "இதென்னடா, மணவறைக்கு வாற மாப்பிள்ளை மாதிரி?" என்று கேட்டேன். அன்றோடு ஸ்பைக் போய்விட்டது, மாப்பிள்ளை வந்துவிட்டது. உன் கலியாணத்தன்று நீ மணவறைக்கு வரும்போது நான் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன் என்று எல்லாரும் கேட்டார்கள். தாய் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நீ ஒரு காலை வைத்தாய், எடுத்தாய், வைத்தாய்.

வந்து கொஞ்ச நாளில் மாப்பிள்ளை மண்ணிறமாய்ப் போய், ஒரு மூலையில் தொங்கிக்கொண்டு கிடந்தது. விளக்கு வைத்தாய், சரிவரவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து வாசித்துவிட்டு, "அம்மா, இதுக்கு வெயில் வேணும். கண்ணாடிக்குள்ளாலை வாற வெயில் காணாது, மேலிலை படவேணும். இல்லாட்டி எலும்பு வளைஞ்சு போகும்" என்றாய். பேஸ்மென்றில் வெயிலுக்கு எங்கே போக? எங்களுக்கு இருந்தது முகட்டோடு ஒட்டின ஒரு சின்ன யன்னல். அதுக்குள்ளால் புல்லின் வேரும், மேல்வீட்டு அன்ரியின் செருப்பும்தான் தெரியும். பின்வளவில் கூடு கட்டத்தான் வேணும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். நான் மேலே போய் அன்ரியைக் கேட்டேன். "என்ன பிள்ளை, ஓணானுக்கு வீடோ? எங்கடை வீட்டுக்கே இன்னும் பெயின்ற் அடிக்கேல்லை" என்றா. "அக்கா, அது வாடகை தரும். வளவிலை இருக்கிற பூச்சியெல்லாம் தின்னும்" என்றேன். "எங்கடை வளவிலை பூச்சியில்லை" என்று கோபித்துக்கொண்டுதான் சம்மதம் தந்தா.

கொப்பரைப் பற்றி என்ன சொல்ல. "உது என்ன பெரிய வேலையே? கோழிக்கூடு அடிச்ச கைக்கு ஓணான்கூடு அடிக்கத் தெரியாதோ?" என்று வேலையிடத்தில் எறிகிற மரத்தட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, உயரமில்லாமல் பதிவாய், அகலமாய், நாலு முட்டைக்கோழி படுக்கிற மாதிரி ஒன்றை அடித்தார். கோழிவலையும் சுற்றினார். முட்டை எடுக்க ஒரு சின்னக் கதவும் வைத்தார். "அப்பா, இது மேலை ஏறிற சாமான். அகலம் தேவையில்லை, உயரம்தான் வேணும்" என்று நீ எவ்வளவோ சொன்னாய். "முதல்லை இருந்து பாக்கட்டும். பழகும்" என்றார். நீ ஒரு பெட்டி சில்வண்டு வாங்கி வந்து உள்ளே சாப்பாட்டுக்கு விட்டாய். கோழிவலை ஓட்டைக்குள்ளால் எல்லாம் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வரிசையாய் வெளியே போயின. அதில் பாதி அன்ரியின் படுக்கையறையில் இருந்து கத்தின. அடுத்த நாள் அன்ரி, "பிள்ளை, எங்கடை வளவிலை பூச்சி வந்திட்டுது" என்றா. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வீடு மாறியிருப்போம்.

கொப்பர் முழுவதையும் கழற்றினார். அந்த மனிசனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பிழை என்று வாயால் சொல்லமாட்டார், ஆணி பிடுங்குகிற சத்தத்தில்தான் தெரியும். இரண்டாம் முறை நீ சொல்லச் சொல்ல அடித்தார். ஆளுயரம், ஒடுக்கம், நாலு பக்கமும் ஈகூட நுழையாமல் யன்னலுக்குப் போடுகிற இலையான் வலை, மேலேயும் வலை, ரக்கூன் வந்து பிய்க்காமல் அதற்கு மேலே தடித்த கம்பி. நீட்டுக் கதவு, அதற்குப் பிணைச்சல், வெளியே ஒரு கொளுக்கி. உள்ளே குறுக்கும் நெடுக்குமாய்த் தடிகள். தண்ணீரைக் கோப்பையில் வைத்தால் குடிக்காதாம், இலையில் துளி விழுந்தால்தான் நக்குமாம். ஐஸ்கிறீம் டப்பாவின் அடியில் ஊசியால் குத்தி மேலே தொங்கவிட்டாய். துளி விழுவதற்கு இலை வேண்டாமா? வீட்டில் இருந்த ஒரே இலை என் கறிவேப்பிலை. குளிருக்கு உள்ளே தூக்கி, கோடைக்கு வெளியே தூக்கி, குழந்தை மாதிரி வளர்த்த சாடியைக் கேளாமலே கொண்டுபோய் உள்ளே வைத்தாய். அதன்பிறகு பருப்புக்கு நாலு இலை பறிக்கப் போனால் மாப்பிள்ளை வாயை ஆவென்று திறந்து என்னைச் சீறும். இலையையும் கடித்துக் கடித்துத் தின்றது. தாளிக்காமலே தின்கிற ஒரு யாழ்ப்பாணத்தானை அன்றைக்குத்தான் கண்டேன்.

வெயில் ஒரு பாதிக்கு, நிழல் மறுபாதிக்கு என்று சொன்னாய். முழுக்க வெயிலில் விட்டால் வெந்துபோகும், முழுக்க நிழலில் விட்டால் வாடிப்போகும், எப்போது எது வேணும் என்று அதுக்குத்தான் தெரியும், நாங்கள் இரண்டையும் வைத்துவிட்டு விலகி நிற்கவேணும் என்றாய். பதினேழு வயதுப் பிள்ளை சொன்ன சொல்லு. இப்போது உனக்கு மனைவி இருக்கிறாள், அந்தச் சொல்லை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொள். சுபா பேசாமல் இருக்கிற நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு பின்னால் திரியாதே. நிழலுக்குப் போயிருக்கிறாள் என்று நினை. நிழலுக்கு நான் என் பழைய செம்மஞ்சள் நைலெக்ஸ் சீலையை ஒரு பக்கம் கட்டிவிட்டேன். கட்டிவிட்டு, மாப்பிள்ளை எப்போது செம்மஞ்சளாய் மாறும் என்று அன்ரியும் நானும் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பச்சையாய்த்தான் இருந்தது. "ஏமாத்துற சாமான்" என்று அன்ரி எழும்பிப் போய்விட்டா. நீ வந்து சிரித்தாய். "அம்மா, அது சீலையைப் பாத்து மாறாது. அதுக்கு உள்ளுக்கை எப்பிடிக் கிடக்கோ அப்பிடித்தான் மாறும். குளிருது, பயமாக் கிடக்கு, சுகமில்லை எண்டு அதுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. நிறத்தைப் பாத்துத்தான் நாங்கள் அறியவேணும்" என்றாய்.

பகலில் நீ பள்ளிக்கூடம், கொப்பர் வேலை. பூனை, ரக்கூன் வராமல் கூட்டுக்குக் காவல் இருக்க வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். இரவு வேலையால் வந்து, முன்பென்றால் நேரே படியிறங்கி இருட்டுக்குள் விழுந்து படுப்பேன். எழும்பினால் பின்னேரம், திரும்ப வேலை. வெயில் என்கிற ஒன்று மற்ற ஆட்களுக்கு வருகிற தபால் மாதிரி, எனக்கு வருவதில்லை. அந்தக் கோடையில்தான் காலையில் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் இருந்தேன். மாப்பிள்ளை உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குப் பக்கவாட்டாய்க் காட்டிக்கொண்டு நிற்கும். நானும் காலை நீட்டிக்கொண்டு இருப்பேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. முழங்கால் நோவு கொஞ்சம் விட்டது, நித்திரையும் வந்தது. "என்னம்மா, முகம் வெளிச்சிருக்கு?" என்று நீகூட ஒரு நாள் கேட்டாய். "மாப்பிள்ளை பாக்கிறன், வெளிக்காமல் என்ன செய்யும்" என்றேன். அது பகிடி இல்லை தம்பி. அந்தக் கூடு அதுக்குக் கட்டினது, வெயில் என்னிலும் பட்டது. பிறகு கீழே இறங்கிச் சமைக்கும்போது அந்தச் சின்ன யன்னலுக்குள்ளால் கூட்டின் நாலு காலும், அதைச் சுற்றி மஞ்சள் வெயிலும் தெரியும். பச்சோந்தியை வெயிலில் குடிவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் குழல் விளக்கின் கீழ் சோறு தின்றோம். அதைச் சொல்லி நாங்களே சிரித்திருக்கிறோம்.

பிறகு அந்த மிளகாய்ச் சனிக்கிழமை. மறக்கமாட்டாய். கறித்தூள் முடிந்துபோய் இரண்டு கிழமை. கீழே வறுத்தால் அலாரம் கத்தும், அன்ரியும் கத்துவா. ஆகவே ஸ்காபரோவில் எல்லாரும் செய்கிற மாதிரிப் பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து, பெரிய தாச்சியை ஏற்றி, செத்தல் மிளகாயைக் கொட்டினேன். வேலையால் வந்து படுக்காத கண். கூடு எனக்குப் பக்கவாட்டில், கண்ணில் படாமல் இருந்தது. எனக்குத் தும்மல் வரவில்லை, நல்ல காற்று, புகையை அந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு அகப்பையால் கிண்டினேன். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நினைக்கவில்லை. நீ கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "அம்மா! அடுப்பை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாய். திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை கரி மாதிரிக் கறுத்துப்போய், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றது. ஓட ஏலாது, இருமத் தெரியாது, கொளுக்கியோ வெளியே.

நீ அதைத் தடியோடு எடுத்தாய். நான் ஐஸ்கிறீம் டப்பாவைக் கழற்றி, அந்த ஊசித்துளைத் தண்ணீரைக் கண்ணுக்கு மேலே துளித்துளியாய் விட்டேன். என் கையில் மிளகாய் என்று நீ என்னைத் தொடவிடவில்லை. "வெயிலுக்கெண்டு கட்டிப்போட்டு, புகைக்கெல்லோ குடுத்திட்டியள்" என்று அழுதாய். "ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றேன். "அதுக்குச் சத்தமில்லை அம்மா. அது எப்பவோ கறுத்திருக்கும். நீங்கள்தான் திரும்பிப் பாக்கேல்லை" என்றாய். அன்ரி மேலே யன்னலைத் திறந்து, "என்ன பிள்ளை, சாகப்போகுதோ?" என்று கேட்டா. அந்தக் குரலில் பகிடி இல்லை, கடவுளே என்றிருந்தது. முன்வளவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துக்கொண்டு இருந்தோம். தாச்சியில் மிளகாய் கருகிப்போய்க் கிடந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. பின்னேரம் ஆகிற நேரம் ஒரு கண் மெல்லத் திறந்தது. உன்னைப் பார்த்தது. பிறகு மற்றக் கண் திறந்து என்னைப் பார்த்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் தனித்தனியே பார்க்கிற பார்வை அது. கறுப்புக்குள்ளால் பச்சை நூல் நூலாய் வந்தது. "மன்னிச்சிட்டுது" என்றேன். "சும்மா இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு நீ சிரித்துவிட்டாய்.

அதுக்குப் பிறகும் நாலைந்து கோடை இருந்தது. கிழவனாகித்தான் போனது. நாங்கள் அப்பாட்மென்றுக்கு மாறினபோது கொப்பர் கூட்டைக் கழற்றினார், கதவை மட்டும் எறிய மனமில்லாமல் கொண்டுவந்தார். இப்போதும் அது பல்கனியில்தான் கிடக்கிறது, அதன்மேல்தான் மோர்மிளகாய் காயவைக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் திரும்பக் கறுக்கும்.

இனி நேரே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கீழே இறக்கினபோது, உன் புதுக் கார்ப்பெற்றில் கால் வைத்ததும், முகட்டோடு ஒட்டின அந்த யன்னலைத்தான் முதல் பார்த்தேன். புல்லின் வேர் தெரிந்தது. சுபா வெளியே குப்பை வைக்கப் போனாள், அவளின் செருப்புத் தெரிந்தது. எனக்குள் என்னவோ கறுத்தது, தம்பி. ஆனால் நான் பச்சோந்தி இல்லை. எனக்கு ஒரே ஒரு நிறம்தான், சிரிப்பு. பசியிலும் அதுதான், நோவிலும் அதுதான், வேலையிடத்தில் அந்தச் சுப்பவைசர் கத்தும்போதும் அதுதான். அந்த நிறத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதுக்குள்ளே என்ன கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதை நான் உன் பிழை என்று சொல்லவில்லை. நீ ஆசையாய்க் கட்டியிருக்கிறாய். கொப்பரும் ஆசையாய்த்தான் முதல் கூட்டைக் கட்டினார். நல்ல மரம், நல்ல ஆணி, முட்டை எடுக்கக் கதவுகூட வைத்தார். இருக்கப்போகிற ஆளைத்தான் கேட்கவில்லை.

களைத்துப்போனேன், மேனை, என் பிள்ளை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, கொப்பருக்குக்கூட. இருட்டுக்குள் எழும்பி, இருட்டுக்குள் போய், இருட்டுக்குள் வந்து படுத்தது காணும், போதும். உன்னோடு இருக்க எனக்கு ஆசை. காலையில் நீ வேலைக்கு வெளிக்கிடுகிற சத்தம் கேட்க ஆசை. சுபாவைச் சீண்டிச் சீண்டிச் சிரிக்கவைக்க ஆசை, அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி, திருப்பித் தருவாள். ஆனால் கீழே வரமாட்டேன். அங்கே வந்தால் ஒரு வருசத்தில் மண்ணிறமாய்ப் போய் மூலையில் தொங்குவேன், நீங்கள் மேலே இருந்து "அம்மா சிரிச்சுக்கொண்டுதானே இருக்கிறா" என்று சொல்வீர்கள். மேலே பின்பக்கம் ஒரு சின்ன அறை காட்டினாயே, சுபாவின் கொம்பியூட்டர் வைக்கப்போவதாக. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், பரவாயில்லை. அந்த அறையில் காலை வெயில் நிலத்தில் விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன். நீ விளக்கைப் போட்டுக் காட்டினாய், விளக்கே தேவையில்லை. அதைத் தரமுடியுமென்றால் வருகிறோம். முடியாதென்றால் இந்தப் பல்கனியோடு இங்கேயே இருக்கிறோம், ஞாயிறுக்கு ஞாயிறு கோ என்கிற அந்த ரெயினில் வந்து உன் சோற்றைத் தின்றுவிட்டுப் போகிறோம், அதிலும் எனக்கு மனக்குறை இல்லை. சுபாவையும் கேட்டு முடிவெடு. அவளுக்கு விருப்பமில்லாமல் தந்த வெயிலில் நான் காயமாட்டேன்.

ஆனால் அவளிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லு. கொம்பியூட்டருக்கு எலும்பு இல்லை, வளையாது. அது கீழே இருக்கலாம்.

இந்த ஞாயிறு நீங்கள் இரண்டு பேரும் இங்கே சாப்பிட வாருங்கள், தூள் புதிதாய் வறுத்திருக்கிறேன். காற்றுப் பார்த்துத்தான் வறுத்தேன். நீ வரும்போது நான் சிரித்துக்கொண்டுதான் கதவு திறப்பேன், அது எனக்குத் தானாய் வருகிறது, நிப்பாட்டத் தெரியாது. அதை நம்பி உள்ளே வந்து இருந்துவிடாதே. திரும்பிப் பார்.

உன் அம்மா